எங்கள் பேட்டை வெட்டரன்ஸ் டே ஊர்வலம்: ஐந்துக்கு மூன்றரை

அமெரிக்காவில் முன்னாள் ராணுவத்தினரைக் கௌரவிக்கும் வெட்டரன்ஸ் டேயான நவம்பர் 11 அன்று எங்கள் பேட்டையில் நடந்த ஊர்வலத்துக்கு நான் கொடுக்கும் மூன்றரையும் முன்னாள் படைவீரர்களுக்காகத்தான். ஏற்பாட்டுக்குத் தனியாக மார்க் போடச் சொன்னால் இரண்டைத் தாண்டாது.

கூரையில்லாத பழைய காரில் ஒரு தாத்தா வந்தார். கதவில் 'கொரியா' என்று எழுதிய அட்டை, மடியில் கம்பளி, தலையில் படைப்பிரிவின் பெயர் தைத்த தொப்பி. கைதட்டல் எழும்போதெல்லாம் சல்யூட் அடித்தார். கை நடுங்கியது, ஆனால் விரல்கள் ஒன்றோடொன்று ஒட்டியே இருந்தன. வியட்நாம் போருக்குப் போனவர்கள் நடந்தே வந்தார்கள். அந்தக் காலத்தில் ஊர் திரும்பியபோது அவர்களில் பலருக்கு வரவேற்பே இல்லை. அதனாலோ என்னவோ, கூட்டம் அவர்களுக்குத்தான் அதிகம் ஆரவாரம் செய்தது.

சரி, குறைக்கு வருவோம். முதலில் வந்தது யார்? பதவியில் இருப்பவர்களின் கார்கள், அப்புறம் வீடு விற்பவர்களின் விளம்பர வண்டி! வயதானவர்கள் குளிரில் பின்னால் காத்திருந்தார்கள். மைக் பிடித்தவர் 'உயிர்நீத்தோர் நினைவாக' என்றே பேசிக்கொண்டிருந்தார். ஐயா, அதற்கு மே மாதக் கடைசித் திங்களில் மெமோரியல் டே என்று தனி நாளே இருக்கிறது. இந்த நாள் உயிரோடு இருப்பவர்களுக்கும் சேர்த்துத்தான். 1918-ல் இதே தேதியில் முதல் உலகப் போர் ஓய்ந்த காலை 11 மணிக்காவது அவர் வாயை மூடியிருக்கலாம்.

பள்ளி பேண்டு வாத்தியம் பரவாயில்லை. கழிப்பறை வசதி சுத்தமாக இல்லை. போகிறவர்கள் மடக்கு நாற்காலியோடு ஊர்வலம் முடியும் இடத்தில் உட்காருங்கள். வீரர்கள் அங்கேதான் இறங்குகிறார்கள், நின்று பேசவும் செய்கிறார்கள்.