இந்திய அரசாங்க ஸ்கொலர்ஷிப் என்று சொல்லி 385,000 ரூபாய் வாங்கிவிட்டார்கள் – மட்டக்களப்பு, அம்பாறைப் பெற்றோர் தயவுசெய்து வாசியுங்கள்

வீட்டில் ஏ.எல். முடித்த பிள்ளை இருந்தால் இதை முழுவதும் வாசியுங்கள். எங்களுடைய 385,000 ரூபாய் போய்விட்டது. நேற்றுத்தான் அந்த அலுவலகத்தில் "இனிமேல் இங்க வந்து சத்தம் போடாதீங்க" என்று சொல்லி எங்களை வெளியே அனுப்பினார்கள். கோபம் அடங்காமல் எழுதுகிறேன், எழுத்துப் பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

பொலிஸில் முறைப்பாடு கொடுத்திருப்பதால் அந்த அலுவலகத்தின் பெயரை எழுதவில்லை. மட்டக்களப்பு டவுனில் ஒரு கடைக்கு மேல் மாடியில் இருக்கிற வெளிநாட்டுக் கல்வி ஆலோசனை நிலையம். இந்த மாதிரி இடங்கள் இப்போது கல்முனை, அக்கரைப்பற்று வரைக்கும் வந்துவிட்டன. எல்லாரும் கள்ளர் என்று நான் சொல்லவில்லை. ஆனால் என் தம்பிக்கு நடந்தது இதுதான்.

தம்பி பயோ படித்தவன். பெறுபேறு நல்லதுதான், ஆனால் பல்கலைக்கழகத் தெரிவுக்குப் பார்க்கிற இசட் புள்ளி மருத்துவத்துக்குக் கொஞ்சம் குறைந்துவிட்டது. எங்கள் மாவட்டத்துக்கென்று கோட்டா இருந்தாலும் ஒவ்வொரு வருடமும் இப்படிக் கொஞ்சத்தில் தவறுகிற பிள்ளைகள் ஏராளம். அந்தப் பிள்ளைகளைத்தான் இவர்கள் குறிவைக்கிறார்கள். டியூஷன் வகுப்பு வாசலில் நோட்டீஸ் கொடுத்திருக்கிறார்கள்: "இந்திய அரசின் முழுப் புலமைப்பரிசில், எம்.பி.பி.எஸ்., மட்டக்களப்பு அம்பாறை மாணவர்களுக்கு விசேட ஒதுக்கீடு."

அம்மாவும் நானும் தம்பியும் போனோம். உள்ளே ஏசி, சுவர் முழுக்க எயார்போர்ட்டில் பெட்டியோடு நிற்கிற பிள்ளைகளின் படங்கள். மேலாளர் என்கிறவர் எழும்பி நின்று அம்மாவுக்குக் கதிரை இழுத்துப் போட்டார். எந்த ஊர், யாருடைய பிள்ளை, எந்தப் பாடசாலை என்று எங்கள் பேச்சிலேயே விசாரித்தார். எங்கள் பக்கத்து ஊர்ப் பிள்ளை ஒன்றைத் தானே அனுப்பியதாகச் சொன்னார். தம்பியின் பெறுபேற்றுத் தாளை நிறைய நேரம் பார்த்துவிட்டு, "மனே, இந்த ரிசல்ட்ட வச்சிக்கிட்டு நீ வீட்ட இரிக்கிறது பாவம்" என்றார். அம்மா அங்கேயே அழுதுவிட்டார். அப்பா இல்லாத வீடு, பிள்ளையைப் பற்றி ஒருவர் அப்படிக் கதைத்தால் யாருக்குத்தான் மனம் இளகாது? அப்புறம் இந்திய அரசின் அசோகச் சின்னம் போட்ட ஒரு கடிதத்தைக் காட்டினார். நமக்கு ஐந்து இடம் ஒதுக்கியிருக்கு, மூன்று முடிந்துவிட்டது, மிச்சம் இரண்டுதான் என்றார். கடிதத்தைக் கையில் தரவில்லை, படம் எடுக்கவும் விடவில்லை. "இரகசியக் கோப்பு அம்மா" என்றார்.

முதலில் 85,000 ரூபாய் ஃபைல் திறக்க. இரண்டு கிழமைக்குள் 300,000 ரூபாய் "சீட் ரிசர்வேஷன்". அது அரசாங்கத்திடம் வைப்பாக இருக்கும், தம்பி டெல்லியில் இறங்கியதும் திரும்பக் கிடைக்கும் என்று எங்கள் மூன்று பேர் முகத்தையும் பார்த்துச் சொன்னார். அம்மா தாலிக்கொடியையும் என்னுடைய காப்பையும் அடகு வைத்தார். மொத்தம் 385,000. கம்பனிக் கணக்குக்கு அல்ல, ஒரு தனியாளின் வங்கிக் கணக்குக்குப் போடச் சொன்னார்கள். கம்பனிக் கணக்கு "ஓடிட்டில்" (கணக்காய்வில்) இருக்கிறதாம்.

காசு போன நாளிலிருந்து அந்த ஆளின் குரலே மாறிவிட்டது. முதலில் "ஃபைல் அமைச்சில இரிக்கு". பிறகு "டெல்லியில் லீவு". பிறகு "சேர் கொழும்பில மீட்டிங்". வரவேற்பில் இருந்த பிள்ளை மாறி வேறு பிள்ளை வந்தது, அதற்கு எங்களைத் தெரியாது, பெயரைக் கேட்டு ஒரு கொப்பியில் எழுதிக்கொண்டு "சொல்றம்" என்றது. வாட்ஸ்அப்பில் நீலச் சரி விழும், பதில் வராது. அம்மாவுக்கு முழங்கால் நோ, மாடிப்படி ஏற இயலாமல் கீழே கடை வாசலில் நிற்பார். நான் மேலே போய்க் கத்திவிட்டு வருவேன். ஒரு நாள் அந்த ஆளே படியால் இறங்கி வந்து அம்மாவைக் கண்டும் காணாத மாதிரி மோட்டார் சைக்கிளில் ஏறிப் போனார். கதிரை இழுத்துப் போட்ட அதே மனுஷன். காசை விட இதுதான் எனக்கு ஆறவில்லை.

கடைசியில் ஒரு கடிதம் தந்தார்கள். திறந்து பார்த்தால் தென்னிந்தியாவில் உள்ள ஒரு தனியார் கல்லூரியின் அனுமதிக் கடிதம். எம்.பி.பி.எஸ். இல்லை, வேறு ஏதோ பட்டப்படிப்பு. "50 வீத ஸ்கொலர்ஷிப்" என்று போட்டிருக்கிறது, மற்ற 50 வீதத்தையும் விடுதிக் காசையும் நாங்கள் கட்ட வேண்டும். இதுதானா அரசாங்கப் புலமைப்பரிசில் என்று கேட்டதற்கு, "ஸ்கொலர்ஷிப் என்றுதானே போட்டிருக்கு, வாசிக்கத் தெரியாதா தங்கச்சி" என்றார். அது கல்லூரி தன் கட்டணத்தில் குறைத்துத் தருகிற கழிவு. பிள்ளை பிடித்துக் கொடுக்கிற முகவருக்குக் கல்லூரிகள் கொமிஷன் கொடுப்பதும் ஊரறிந்த விஷயம். அதாவது எங்களிடமும் காசு, அங்கேயும் காசு.

அதற்குப் பிறகுதான் கொழும்பில் உள்ள இந்திய உயர்ஸ்தானிகராலயத்துக்குக் கோல் எடுத்தேன். மரியாதையாகத்தான் பதில் சொன்னார்கள். முகவர் என்று யாரையும் வைக்கவில்லை, எம்.பி.பி.எஸ். இந்திய அரசின் புலமைப்பரிசில் திட்டத்தில் இல்லவே இல்லை. இரண்டு வசனத்தில் முடிந்துவிட்டது.

உண்மையான திட்டம் இருக்கிறது, அதைத் தெரிந்துகொள்ளுங்கள். பட்டப்படிப்புக்கு நேரு நினைவுப் புலமைப்பரிசில், பொறியியலுக்கும் தகவல் தொழில்நுட்பத்துக்கும் ராஜீவ் காந்தி புலமைப்பரிசில், பட்டமேற்படிப்புக்கு மௌலானா அசாத் புலமைப்பரிசில். ஐ.சி.சி.ஆர். என்கிற இந்திய கலாசார உறவுகள் பேரவை ஊடாகக் கொடுக்கிறார்கள், 1950 இல் தொடங்கிய அரச நிறுவனம் அது. தெரிவு திறமை அடிப்படையில், நம்முடைய கல்வி அமைச்சோடு சேர்ந்து நடக்கும். கிடைத்தால் படிப்புக் கட்டணம் முழுவதும், மாதாந்த உதவித்தொகை, தங்குமிடக் கொடுப்பனவு, புத்தகக் காசு, விமானச் சீட்டு எல்லாம் அவர்களே தருவார்கள். தருகிறவன் அவன், அப்படியிருக்க நாம் ஏன் 300,000 ரூபாய் வைப்பு வைக்க வேண்டும்? ஐ.சி.சி.ஆர். தளத்தில் பிள்ளையே கணக்குத் திறந்து விண்ணப்பிக்கலாம். பல்கலைக்கழகங்களைப் பிள்ளைதான் தெரிவு செய்யும், ஆங்கிலத்தில் 500 சொல்லுக்குள் ஒரு கட்டுரையும் எழுத வேண்டும். என் தம்பியிடம் எந்தக் கட்டுரையும் கேட்கவில்லை, எந்தப் பல்கலைக்கழகம் வேண்டும் என்றும் கேட்கவில்லை. விண்ணப்பம் போட்டார்களா என்பதே எங்களுக்குச் சந்தேகம். போட்டதாகச் சொன்ன கணக்கின் மின்னஞ்சலும் கடவுச்சொல்லும் அவர்களிடம்தான் இருக்கின்றன.

அந்த அலுவலகத்தின் அதே சுவரில் ஜப்பான், ஹங்கேரி போஸ்டர்களும் தொங்குகின்றன. ஜப்பான் அரசாங்கத்தின் மெக்ஸ்ட் புலமைப்பரிசிலுக்கு கொழும்பில் உள்ள அவர்களுடைய தூதரகம் எழுத்துப் பரீட்சை வைத்து ஆள் எடுக்கிறது. அதில் யார் "சீட்" பிடித்துத் தருவது? ஹங்கேரி அரசாங்கத்தின் ஸ்டிபென்டியம் ஹங்காரிகம் திட்டத்தில் படிப்பு இலவசம், மாதக் காசும் உண்டு, ஆனால் விமானச் சீட்டு கிடையாது. இவர்களுடைய போஸ்டரில் "டிக்கெட் இலவசம்" என்று கொட்டை எழுத்தில் இருக்கிறது. இன்னும் எத்தனை வீட்டுக் காசு இதில் போயிருக்கிறதோ.

ரிசீட்டைப் பற்றியும் சொல்ல வேண்டும். நாங்கள் திரும்பத் திரும்பக் கேட்ட பிறகுதான் தந்தார்கள். அதில் "ஆலோசனைச் சேவைக் கட்டணம், மீளளிக்கப்படாது" என்று அடித்திருக்கிறது. வைப்பு என்று வாயால் சொன்னது தாளில் ஒரு இடத்திலும் இல்லை. இப்போது 385,000 ரூபாயைக் கேட்டால் அந்த வரியை விரலால் தொட்டுக் காட்டுகிறார்கள்.

அவசரமாகச் சில விஷயங்கள் மட்டும் சொல்கிறேன். அரசாங்கப் புலமைப்பரிசிலுக்கு "சீட்" காசு, "கோட்டா" காசு என்று ஒன்று கிடையாது. யாராவது கேட்டால் எழும்பி வந்துவிடுங்கள். முதலில் தூதரகத்துக்கோ கல்வி அமைச்சுக்கோ ஒரு கோல் எடுங்கள், அதற்கு ஐந்து நிமிடம் போதும். தனியாள் கணக்கில் காசு போடாதீர்கள். விண்ணப்பக் கணக்கும் கடவுச்சொல்லும் பிள்ளையின் கையில் இருக்க வேண்டும். அசல் சான்றிதழ்களை யாரிடமும் விட்டுவிட்டு வராதீர்கள். தம்பியின் பிறப்புச் சான்றிதழ் இன்னும் அங்கேதான் கிடக்கிறது.

பொலிஸில் முறைப்பாடு எழுதியாகிவிட்டது. வங்கிச் சிட்டை, வாட்ஸ்அப் செய்திகள், அந்த நோட்டீஸ் எல்லாவற்றையும் கொடுத்திருக்கிறோம். ஒரு குடும்பம் மட்டும் போய் நின்றால் "சேவைக்குத்தான் வாங்கினோம்" என்று சொல்லித் தப்பப் பார்ப்பார்கள். இதே மாதிரி மாடி அலுவலகத்தில் "விசேட ஒதுக்கீடு" என்று சொல்லி உங்களிடமும் காசு வாங்கியிருந்தால், வெட்கப்பட்டு மறைக்காமல் எனக்கு உள்பெட்டியில் எழுதுங்கள். ரிசீட்டும் காசு போட்ட சிட்டையும் வைத்திருங்கள். வருகிற கிழமை இன்னொரு குடும்பத்தோடு சேர்ந்து மறுபடியும் பொலிஸுக்குப் போகிறோம், வரக்கூடியவர்கள் வாருங்கள்.