நாலு சொல்லா, எட்டு எழுத்தா?

பாஸ்வேர்டுக்கு எழுத்து, எண், குறி கலந்த எட்டெழுத்துக் கலவை நல்லதா, 'ஏணி சாம்பல் தபால் புளியங்கொட்டை' மாதிரி ஒட்டாத நாலு சொல் நல்லதா?

கணக்கில் பெரிய வித்தியாசம் இல்லை. கீபோர்டின் 95 குறிகளில் எட்டைக் குருட்டாம்போக்கில் எடுத்தால் சுமார் 6,600 லட்சம் கோடி வாய்ப்புகள். 7,776 சொற்கள் கொண்ட பட்டியலில், ஒரு சொல்லுக்கு ஐந்து முறை ஆறு பக்கப் பகடை உருட்டி நாலு சொல் எடுத்தால் சுமார் 3,650 லட்சம் கோடி. ஐந்தாவது சொல் சேர்ந்தால் அது 7,776 மடங்காகும்.

ஆனால் யார் குருட்டாம்போக்கில் எடுக்கிறார்கள்? எட்டெழுத்து கேட்டால் பேரன் பெயர், ஒரு '@', அப்புறம் 123. திருடன் முதலில் பார்ப்பதே அதைத்தான். சொற்களும் அப்படியே, பாட்டு வரியை எடுத்துப் போட்டால் வீண்.

மற்ற கணக்குகளின் பாஸ்வேர்டை மாற்றும் சாவி மெயிலில்தான் இருக்கிறது. அதற்கும், பாஸ்வேர்டுகளை உருவாக்கிச் சேமித்து வைக்கும் ஆப்பான பாஸ்வேர்டு மேனேஜருக்கும் ஐந்தாறு சொல் வைப்பேன், மனதில் நிற்கும். பல வங்கிகள் நீளத்துக்கு வரம்பு வைத்து, குறியும் கட்டாயம் என்கின்றன. அங்கே கலவைதான், அனுமதிக்கும் நீளம் முழுக்க. ஷாப்பிங் தளங்களுக்கு மேனேஜரே உருவாக்கட்டும்.

டிவி ஆப்புக்கு மட்டும் கலவை வேண்டாம். ரிமோட்டில் அம்புக்குறியை நகர்த்தி நகர்த்திப் பதினாறு எழுத்து அடித்து, கடைசியில் ஒன்று பெரிய எழுத்தா சின்ன எழுத்தா என்று தெரியாமல் மறுபடி ஆரம்பித்தவன் நான்.