பழைய பனிவண்டி: அப்படியே விற்பதா, ஓடவைத்து விற்பதா, கழட்டி விற்பதா?

சக்கரத்துக்குப் பதில் ரப்பர்ப் பட்டையில் ஓடும் பழைய பனிவண்டி ஒன்று கொட்டகையில் நிற்கிறது, பெரிய உடைசல் எதுவும் இல்லை, சின்னச் சின்ன வேலைதான் பாக்கி. விற்க மூன்று வழி இருக்கிறது. உள்ளது உள்ளபடி கொடுத்துவிடலாம், சரிசெய்து விற்கலாம், பாகம் பாகமாகக் கழட்டியும் விற்கலாம். என் கட்சி நடுவில் இருப்பதுதான், அதிலும் பாதி தூரம் வரைக்கும்தான்: தானாக ஸ்டார்ட் ஆக வேண்டும், திரும்ப வேண்டும், நிற்க வேண்டும். அதற்கு மேல் கை வைக்க வேண்டாம்.

முதலில் அப்படியே விற்பதைப் பார்ப்போம். செலவில்லை, அலைச்சலில்லை, விளம்பரம் போட்ட அன்றே ஆள் வரலாம். ஆனால் ஸ்டார்ட் ஆகாத வண்டியைப் பார்க்கிறவர் எஞ்சினே போய்விட்டது என்றுதான் மனசுக்குள் கணக்குப் போடுவார். உண்மையில் பழைய பெட்ரோல் பிசின் மாதிரி உறைந்து கார்புரேட்டர் அடைத்திருக்கும், அவ்வளவுதான், ஆனால் அதை நீங்கள் வாயால் சொன்னால் யார் நம்புவார்கள்? இன்னொன்று, தானாக நகராத வண்டியை வின்ச் (கம்பி சுற்றி இழுக்கும் கருவி) போட்டு இழுத்துத்தான் டிரெய்லரில் ஏற்ற வேண்டும், அந்தச் சிரமத்தையும் விலையில்தான் கழிப்பார்கள். கருவி எடுத்து வேலை செய்ய உங்களுக்கு நேரமோ கைப்பழக்கமோ இல்லை என்றால் இந்த வழி சரி. மற்றபடி இது அவசரக்காரருக்கான விலை.

சரிசெய்து விற்பதில்தான் நிறையப் பேர் தப்புச் செய்கிறார்கள், ஏனென்றால் கண்ணுக்குத் தெரிவதை முதலில் சரிசெய்கிறார்கள். பெயின்ட் அடிப்பார்கள், சீட்டுக்குப் புது உறை போடுவார்கள். பழைய வண்டி சேகரிப்பவருக்கு அந்த மங்கிய அசல் பெயின்ட்தான் வேண்டும். புதுப் பெயின்டைப் பார்த்தால் உள்ளே எந்தத் துருவை மூடியிருக்கிறார்கள் என்ற சந்தேகம் வந்துவிடும். மரச்சட்டமும் பிளைவுட்டும் வைத்துச் செய்த பழைய பொம்பார்டியர் பி12 என்றால் சொல்லவே வேண்டாம், பெயின்டுக்கு அடியில் மரம் இற்றுப்போயிருக்கிறதா என்றுதான் முதலில் தட்டிப் பார்ப்பார்கள்.

காசு போட வேண்டிய இடம் வேறு. கார்புரேட்டரைக் கழற்றிச் சுத்தம் செய்வது, காய்ந்துபோன எரிபொருள் குழாய், எரிபொருள் பம்ப்பின் டயாஃப்ரம் (உள்ளே அசையும் சவ்வு), தீப்பொறிக்கு மின்சாரத்தை விட்டுவிட்டுத் தரும் பாயின்ட், பேட்டரி, எலி கடித்த வயரிங். இதற்கெல்லாம் ஒரு வாரக் கடைசி போதும். அடுத்தது திரும்புகிற அமைப்பு, இது வண்டிக்கு வண்டி மாறும். தியோக்கோல் என்ற அமெரிக்க வண்டி போன்றவற்றில் லீவரை இழுத்தால், எஞ்சின் சக்தியை இரண்டு பக்கத்துக்கும் பிரித்துத் தரும் டிஃபரன்ஷியலுக்குள் இருக்கும் பிரேக் பட்டை இறுகி ஒரு பக்கம் வேகம் குறையும். வண்டி ஒரு பக்கம் மட்டும் மெதுவாகத் திரும்பினால் முதலில் அந்தப் பிரேக் பட்டையைச் சரிப்படுத்திப் பாருங்கள், பல நேரம் அதிலேயே தீர்ந்துவிடும். நாலு ஓடும் பட்டை உள்ள டக்கர் ஸ்னோ கேட்டில் கதை வேறு, முன்னாலும் பின்னாலும் உள்ள பட்டை ஜோடி அப்படியே அச்சோடு திரும்பும், அதனால் அங்கே ஆட்டம் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். சுவீடனின் ஸ்னோ டிராக்கில் கார் மாதிரி ஸ்டீயரிங் வட்டமே உண்டு, உள்ளே ஒரு பெல்ட் வேரியேட்டர் இரண்டு பக்க வேகத்தையும் மாற்றித் தரும். அதில் இருப்பது ஃபோக்ஸ்வாகன் பீட்டில் குடும்பத்துக் காற்றால் குளிரும் எஞ்சின், பாகம் கிடைப்பது சுலபம், ஆகவே மூன்றில் சரிசெய்து விற்பது நன்றாகக் கட்டுப்படியாவது இதற்குத்தான் என்று நினைக்கிறேன்.

ஓடும் பட்டையின் ரப்பர் வெடித்திருந்தால் மட்டும் தொடாதீர்கள். அது சின்ன வேலை இல்லை. வெடிப்பைக் கிட்டத்தில் படம் எடுத்துப் போட்டு, விலையைக் குறைத்துக் கேளுங்கள். எந்தப் பட்டை போடுவது என்று வாங்குபவருக்கு ஒரு முடிவு இருக்கும்.

கழட்டி விற்பது கணக்குப் போட்டால் ஆசை காட்டும். கியர்பாக்ஸ் ஒருவருக்கு, பட்டை ஒருவருக்கு, கதவு ஒருவருக்கு என்று போகும். ஆனால் மாதக்கணக்கில் இடத்தை அடைத்துக்கொள்ளும், கடைசியில் யாரும் எடுக்காத சட்டம் ஒன்று மிஞ்சும். எனக்கு மனசு ஒப்பாததற்கு வேறு காரணமும் இருக்கிறது. இரண்டாம் உலகப் போர்க்கால ராணுவப் பனிவண்டியான எம்29 வீசல் சுமார் 15,000 செய்தார்கள், ஸ்னோ டிராக்கோ 1981-இல் நின்றுபோவதற்குள் ஏறத்தாழ 2,000-தான். அப்படிப்பட்ட ஒன்றை, ஒரு பம்ப்பும் பேட்டரியும் போட்டால் ஓடும் நிலையில் பிரிப்பது அநியாயம். சட்டமே துருப்பிடித்து ஓட்டையாகி, வெல்டிங்குக்கும் அடங்காது என்றால் கழட்டலாம். அப்போது நாலு வண்டி அதனால் பிழைக்கும்.

டக்கர் வைத்திருப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. பிரிட்டிஷ் ஆய்வுப் பயணி விவியன் ஃபுக்ஸின் குழு 1957-58-இல் 99 நாளில் அண்டார்டிகாவைக் கடந்தது டக்கர் வண்டிகளை வைத்துத்தான், வாங்க வருகிறவர்களுக்கு அந்த ஆசை இருக்கும். அவை 743 என்ற பெரிய மாடல். உங்களுடையது சிறிய மாடல் என்றால் விளம்பரத்தில் அந்தப் பெருமையை ஒட்டவைக்காதீர்கள். அது எங்கே வேலை பார்த்தது என்பதற்கான பழைய ரசீது, ஒரு படம், வரிசை எண் தகடு, இவை இருந்தால் அதுவே போதும்.

ஏலமா, நேரடி விற்பனையா? அபூர்வ மாடல், அசல் நிலை என்றால் ஏலம், மற்றதெல்லாம் நேரடி. நேரமும் முக்கியம், பனி விழுவதற்கு ஒன்றிரண்டு மாதம் முன்னால் போடுங்கள், கோடையில் எட்டிப் பார்க்க ஆள் இருக்காது. வண்டியை எஞ்சின் குளிர்ந்து கிடக்கும்போதே ஸ்டார்ட் செய்து, நிறுத்தாமல் ஒரே வீடியோவாக எடுங்கள்: முதல் புகை, இரண்டு பக்கமும் ஒரு முழு வட்டம், கடைசியாக டிரெய்லர் பலகையில் தானாக ஏறுவது. நேரில் வருபவர் கேட்டால் மறுபடி குளிரவிட்டு அவர் கையாலேயே ஸ்டார்ட் செய்யச் சொல்லுங்கள்.