காஸ்தா ஓவியங்கள் இணையச் சுற்று: படம் அருமை, குறிப்புதான் உறுத்தல்

ஒன்றரை மணி நேரச் சுற்று. வழிகாட்டி பேசப் பேச ஓவியத்தைத் திரையில் பெரிதாக்கிக் காட்டுகிறார்கள். காசு வீண் இல்லை, ஆனாலும் ஐந்துக்கு மூன்றுதான் தருவேன்.

காஸ்தா ஓவியம் தெரியாதவர்களுக்கு: 18ஆம் நூற்றாண்டில், ஸ்பெயினின் பிடியில் இருந்த மெக்சிகோவில் வரைந்தவை, பெரும்பாலும் 16 காட்சிகள் ஒரு தொகுதி. அப்பா, அம்மா, பிள்ளை. இவரும் இவளும் சேர்ந்தால் பிள்ளை இன்ன வகை என்று ஓவியத்திலேயே எழுதியிருக்கும். ஸ்பானியருக்கும் பழங்குடிப் பெண்ணுக்கும் பிறந்தால் மெஸ்திஸோ. போகப் போகப் பெயர்கள் கூத்தாகிவிடும், 'உன்னைப் புரியவில்லை' என்றுகூட ஒரு வகை உண்டு. கணக்குப் போட்டவர்களுக்கே கணக்குப் பிடிபடவில்லை போல. (சாதிக்கு ஆங்கிலத்தில் சொல்லும் 'காஸ்ட்' இதே காஸ்தாதான், போர்த்துக்கீசிய வழியாக வந்தது.)

ஆந்த்ரேஸ் தே இஸ்லாஸ் 1774இல் வரைந்த ஒரு சமையலறைக் காட்சிக்குப் பத்து நிமிடம் கொடுத்தார்கள், அதற்கே ஒரு நட்சத்திரம். கறுப்பினப் பெண் ஸ்பானியக் கணவனின் முடியைப் பிடித்துக்கொண்டு அடிக்கக் கை ஓங்குகிறாள், சின்ன மகள் விலக்கிவிடப் பார்க்கிறாள். அதே தொகுதியின் மெஸ்திஸோ குடும்பம் நல்ல உடையில் அமைதியாக நிற்கிறது. சண்டையை ஏன் இந்த வீட்டில் கொண்டுபோய் வைத்தார் என்று கேட்ட வழிகாட்டி, விடை சொல்லாமல் எங்களையே பார்க்கவிட்டார். நல்ல வேலை.

உறுத்தியது கீழே வரும் குறிப்பு. மகளை 'முலாட்டா' (ஸ்பானியருக்கும் கறுப்பினப் பெண்ணுக்கும் பிறந்த மகளுக்கு அன்று வைத்த வகைப் பெயர், இன்று இழிசொல்) என்று இன்றைக்கு ஒருவர் தட்டச்சு செய்திருக்கிறார், மேற்கோள் குறிகூட இல்லை. ஓவியர் எழுதிய சொல்லை அழிக்கச் சொல்லவில்லை, அது ஓவியத்தின் பகுதி, இருக்கட்டும். நம் குறிப்பு அதை ஏன் தன் சொல்லாக எடுத்துக்கொள்ள வேண்டும்? நிஜ வாழ்க்கையில் இந்த வகைகள் இவ்வளவு இறுக்கமாக இருந்ததும் இல்லை. தேவாலயப் பதிவேடுகளில் ஒரே ஆள் ஞானஸ்நானத்தின்போது ஒரு வகை, கல்யாணத்தின்போது வேறு வகை என்று பதிவானதுண்டு. சுற்றில் இதைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை.

2024 ஜனவரியில் ஸ்பெயினின் பண்பாட்டு அமைச்சர், அரசு அருங்காட்சியகத் தொகுப்புகளைக் காலனியப் பார்வையிலிருந்து விடுவிக்க மறுஆய்வு செய்வதாக அறிவித்தாரே, அதைக் கடைசி ஐந்து நிமிடத்தில் ஓட்டிவிட்டார்கள்.

போனில் பார்க்காதீர்கள், ஓவியத்தில் இருக்கும் எழுத்து தெரியாது.