ஹைட் வளர்ற பவுடர்: டப்பா முன்பக்கம் ஒண்ணு சொல்லுது, பின்பக்கம் வேற சொல்லுது

ரெண்டு ஸ்டார். ஒண்ணு டேஸ்ட்டுக்கு, இன்னொண்ணு மூடிக்கு, மழைக்காலத்துல கூட பவுடர் கட்டி தட்டல.

பொண்ணுக்கு 13 வயசு, ஸ்கூல் ப்ரேயர் லைன்ல எப்பவும் மொத ஆளா நிக்குறான்னு நாத்தனார் ஆன்லைன்ல ஆர்டர் போட்டு அனுப்பினாங்க. பிராண்ட் பேர் வேணாம், இந்த வகைல நான் பாத்ததெல்லாம் ஏறக்குறைய ஒரே மாதிரிதான். முன்னாடி ஒட்டகச்சிவிங்கி படம், மேல பாத்த அம்புக்குறி. ஒரு கிளாஸ்ல இவ்ளோ கால்சியம்னு கொட்டை எழுத்துல போட்டிருக்கான், பின்னாடி பொடி எழுத்துல "200 மில்லி பாலுடன்"னு இருக்கு. ஏங்க, அந்த பால்லயே 240 மில்லிகிராம் கிட்ட கால்சியம் இருக்கே, பால்காரர் ஊத்துனத இவன் கணக்குல எழுதிக்கிறான்! சர்க்கரையும் ஒரு கிளாஸுக்கு ரெண்டு ஸ்பூனுக்கு குறையாது.

ஹைட் விஷயம் என்னன்னா பெரும்பாலும் அது அப்பா அம்மா உயரத்தைப் பொறுத்தது, பொண்ணுங்க வயசுக்கு வந்து ரெண்டு மூணு வருஷத்துல வளர்ச்சி கிட்டத்தட்ட நின்னுடும், எலும்பு நுனில இருக்குற வளர்ச்சித் தட்டு மூடிட்டா அப்புறம் எந்த பவுடராலயும் ஒரு இன்ச் கூட ஏத்த முடியாது. ஆனா எலும்போட பலம் வேற கதை. 18, 20 வயசுக்குள்ள எலும்புல சேர வேண்டியதுல 90 சதவீதம் சேந்துடும், கால்சியம் நெஜமா தேவைப்படுறது அதுக்குத்தான். அதப் பத்தி டப்பால ஒரு வரி கிடையாது, விக்காது போல.

13 வயசுக்கு ஐசிஎம்ஆர் (இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சில்) சொல்றது நாளைக்கு 1000 மில்லிகிராம் கால்சியம். 100 கிராம் கேழ்வரகுல 340க்கு மேல இருக்கு, மில்லுல அரைச்சா இந்த டப்பா காசுக்கு மாசக்கணக்குல வரும், கூட ஒரு டம்ளர் பால், தயிர், முருங்கைக்கீரைன்னு போனா பக்கத்துல வந்துடலாம். அப்புறம் ஸ்கிப்பிங் மாதிரி குதிக்கிற ஆட்டம் ஏதாவது ஆடணும், கொஞ்சம் வெயில் படணும், ட்யூஷன் ட்யூஷன்னு ரூமுக்குள்ளயே வச்சிருந்தா வைட்டமின் டி எங்கேர்ந்து வரும்?

இன்னும் வயசுக்கு வராத புள்ள வருஷத்துக்கு 4 சென்டிமீட்டர் கூட வளரலன்னா டப்பா மாத்தி மாத்தி வாங்காதீங்க, குழந்தைங்க டாக்டர்கிட்ட காட்டுங்க, தேவைப்பட்டா இடது மணிக்கட்டுல எக்ஸ்ரே எடுத்து எலும்பு வயசு பாத்து சொல்லுவாங்க.

அடுத்த டப்பா வாங்கல. சாக்லேட் பால் போச்சேன்னு பொண்ணுக்குத்தான் கோவம்.