தாத்தா கல்லறைக்குப் பாலிஷ் போடாத சிலுவை

காசிமேடு கல்லறைப் பக்கம் பெயர்ப்பலகைகூட இல்லாத ஒரு கல் கடையில், இந்தக் கல்லறைத் திருநாளுக்காகத் தாத்தாவுக்குச் சிலுவை செய்தேன். வேலை அவ்வளவு அருமை.

முதலில் போன கடையில் கறுப்பு கிரானைட், கண்ணாடி மாதிரி பாலிஷ், தங்க எழுத்து, இதைத் தாண்டி அவர்கள் பேசவே இல்லை. எனக்கு வேண்டியது வேறு. இங்கிலாந்தில் பிளைமவுத்தில் படித்தபோது பக்கத்திலிருக்கும் டார்ட்மூர் மேட்டுநிலத்தில் நடக்கப் போவேன். ஆளில்லாத வெட்டவெளி, மூடுபனி இறங்கிவிட்டால் பத்தடி தூரம் தெரியாது. இடைக்காலத்தில் மடத்துக்கு மடம் போகிறவர்கள் வழி தவறாமல் இருக்க நட்ட கற்சிலுவைகள் அங்கே இன்னும் நிற்கின்றன. அதில் சிவார்ட் சிலுவை என்று ஒன்று. 1240-இல் அந்த மேட்டுநிலக் காட்டின் எல்லையைக் குறித்தவர்களே அதை எழுதி வைத்திருக்கிறார்கள். ஏழடிக்கு மேல் உயரம், கைகள் குட்டை, 1846 வாக்கில் உடைந்துபோனதை அப்புறம் இரும்புப் பட்டை போட்டு நிறுத்தியிருக்கிறார்கள். அதைத் தொட்டதுமே தாத்தா ஞாபகம்தான். ராயபுரம் ராயப்பர் தேவாலயக் கோபுரத்தைக் கணக்கு வைத்துத்தான் கட்டுமரத்தைக் கரைக்குத் திருப்புவேன் என்பார்.

இந்தக் கடை மேஸ்திரி நான் காட்டிய சிவார்ட் சிலுவை போட்டோவைப் பெரிதாக்கி ரொம்ப நேரம் பார்த்தார். "மெஷின் வச்சா இந்த அழகு வராது தம்பி, உளியிலயே கொத்தித் தர்றேன்" என்றார். சொன்னபடியே செய்தார். ஒரே கருங்கல், மூன்றரை அடி. விளிம்பெல்லாம் மழுங்கலாக, தடவினால் உளி விழுந்த புள்ளி ஒவ்வொன்றும் விரலில் படுகிறது. குட்டைக் கைகள் இரண்டும் அச்சு அசல் ஒரே சுற்றளவு இல்லை, லேசாக வித்தியாசம், அதுதான் அழகு. பெயரை பெயின்டில் எழுதவே மாட்டேன் என்றுவிட்டார், உப்புக்காற்றில் நிற்காதாம். அரை விரல் ஆழத்துக்கு வெட்டிக் கொடுத்தார். அடிக்கல்லில் குழி எடுத்து அதில் சிலுவையை இறக்கியிருப்பதால் அசைத்துப் பார்த்தாலும் அசையவில்லை.

குறை ஒன்று. சொன்ன தேதிக்குப் பத்து நாள் தாமதம், போன் எடுக்கவே மாட்டார், நேரில் மூன்று முறை அலைந்தேன். திருநாளுக்கு முந்தின நாள் சாயங்காலம்தான் நட்டார்கள். நடுவதும் சேர்த்து 24,000 ரூபாய். ஆர்டர் கொடுக்கப் போகிறவர்கள் இரண்டு மாதம் முன்னாலேயே போங்கள், போட்டோவோடு உயரம், அகலம், தடிமன் மூன்றையும் தாளில் எழுதி எடுத்துப் போங்கள்.