தேன்பெட்டி மூடிக்குள் எது: தெர்மாக்கோலா, சணல் சாக்கா?

சித்திரை வெயிலில் பெட்டியின் மேல்மூடித் தகரத்தில் கை வைக்க முடியாது. அதே தகரத்தின் அடிப்பக்கம் ஐப்பசி விடியலில் முத்து முத்தாக நீர் கோத்து நிற்கும். இந்த இரண்டுக்கும் சேர்த்து மூடிக்குள் என்ன வைப்பது என்பதில் பொள்ளாச்சி, உடுமலைப் பக்கம் தோப்புக்குள் பெட்டி வைத்திருப்பவர்கள் இரண்டு கட்சி. நான் இரண்டையும் வைத்துப் பார்த்துவிட்டு இப்போது சாக்குக் கட்சி. அதனால் இதில் நடுநிலையை ரொம்ப எதிர்பார்க்க வேண்டாம்.

நிழலில் வைப்பது, வாசல் கிழக்குப் பார்ப்பது, மழைத் தண்ணீர் உள்ளே தங்காமல் பெட்டி வாசல் பக்கம் ஒரு துளி சரிந்து நிற்பது, எறும்பு ஏறாமல் தாங்கிக் கால்களுக்குத் தண்ணீர்க் கிண்ணம் வைப்பது எல்லாம் பெட்டி விற்பவரே சொல்லிவிடுவார். அவை சரியில்லை என்றால் மூடிக்குள் எதைத் திணித்தாலும் வீண்.

சூட்டைத் தடுப்பதை மட்டும் பார்த்தால் தெர்மாக்கோல்தான் முதலிடம். தேனீக் குஞ்சுகள் வளரும் புழு அறை 34, 35 டிகிரியில் இருந்தாக வேண்டும். வெளியே 39, 40 என்று ஏறினால் தேனீக்கள் தண்ணீர் கொண்டுவந்து அறைகளில் தடவி, இறக்கையால் விசிறி ஆற்றும். பூவில் மது எடுக்கப் போக வேண்டிய கூட்டம் தண்ணீர் சுமக்கப் போய்விடும். ஒரு அங்குல தெர்மாக்கோல் அந்த வேலையை நன்றாகக் குறைக்கும். ஆனால் சூட்டைத் தடுப்பது தெர்மாக்கோலுக்குள் அடைபட்டிருக்கும் காற்று. நாலு மடிப்பு சணல் சாக்கிலும் நார்களுக்கு நடுவே காற்று நிற்கிறது. காய்ந்திருக்கும் வரை சாக்கும் ஓரளவு தடுக்கும். நனைந்துவிட்டால் சூட்டுக்கும் ஆகாது, குளிருக்கும் ஆகாது.

என் முடிவு ஈரத்தை வைத்துத்தான். பூவிலிருந்து வரும் மதுவில் பெரும்பாலும் பாதிக்கு மேல் தண்ணீர். அதை 20 சதவீதத்துக்குக் கீழே வற்ற வைத்தால்தான் தேன் புளிக்காது. உணவுப் பாதுகாப்புத் தரத்தில் இருக்கும் வரம்பும் அதே 20. இந்தியத் தேனீயின் தேன் இயல்பிலேயே இத்தாலியத் தேனீயின் தேனைவிடக் கொஞ்சம் நீர்த்தது. வற்றிய தண்ணீர் அத்தனையும் ஆவியாகப் பெட்டியை விட்டு வெளியேற வேண்டும்.

இங்கேதான் நம் இந்தியத் தேனீக்கு ஒரு தனிக் குணம். இத்தாலியத் தேனீ வாசலில் தலையை உள்பக்கம் வைத்து விசிறும். உள்ளே இருக்கும் காற்று வாசல் வழியாகவே வெளியே இழுபடும். நம் தேனீ தலையை வெளிப்பக்கம் திருப்பி நின்று விசிறும். வெளிக்காற்று பெட்டிக்குள் தள்ளப்படும். சாயங்காலம் வாசல் முன்னால் குந்தி உட்கார்ந்தால் நீங்களே பார்க்கலாம். உள்ளே தள்ளிய காற்று மேலே வழி கிடைத்தால்தானே போகும்? தகர மூடிக்குக் கீழே இருக்கும் உள்மூடியில் உள்ள துளையின் வேலையே அதுதான். அதன்மேல் தெர்மாக்கோலை அளவெடுத்து இறுக்கி வைத்தால் அந்த வழி அடைபட்டுப் போகும். துளைக்கு நேராக வெட்டிவிடலாம்தான். ஆனால் நான் பார்த்தவரை வெட்டுகிறவர்கள் குறைவு. சாக்குக்கு அந்த யோசனையே தேவையில்லை: ஆவி அதன் வழியாகப் போகும்; தகரத்திலிருந்து சொட்டுவதையும் அடையில் விழவிடாமல் சாக்கே குடித்துவிடும். ஆனி, ஆடியில் பாலக்காட்டுக் கணவாய் வழியாகச் சாரல் வந்து நாள் முழுக்க நசநசவென்று கிடக்கும் ஆனைமலைப் பக்கத்தில் இது சின்ன விஷயமில்லை.

அடுத்தது பராமரிப்பு. தெர்மாக்கோலை மூடிக்குள் பசை போட்டு ஒட்டிவிடுகிறார்கள். ஓரத்தைக் கொஞ்சம் நெம்பிப் பாருங்கள்: பின்னால் பொடி எறும்பு வெள்ளை வெள்ளையாக முட்டையோடு குடியிருக்கும். கிண்ணத்தில் தண்ணீர் இருந்தென்ன, ஒரு ஓலை நுனி பெட்டியில் உரசினால் அதற்குப் போதும். அடையைத் தின்னும் மெழுகுப் புழுவும் தெர்மாக்கோலைக் குடைந்து உள்ளே கூடு கட்டும். தேனீக்களும் எட்டிய இடத்தைக் கடித்து வெள்ளைத் தூளாக அடிப்பலகையில் கொட்டி வைக்கும். எறும்பும் புழுவும் சேர்ந்தால் இந்தியத் தேனீ பொறுத்துப் போகாது, கூட்டோடு கிளம்பிவிடும். சாக்கு என்றால் பெட்டி பார்க்கும்போது எடுத்து ஒரு உதறு உதறி வேலியில் போட்டு, காய்ந்த இன்னொன்றை வைத்துவிடலாம். பெட்டிக்கு இரண்டு சாக்கு இருந்தால் போதும்.

"ஏனுங், சாக்குன்னா கரப்பான் சேருமுங்களே?" என்று பக்கத்துத் தோட்டத்து அண்ணன் கேட்டார். சேரும். மழைக்காலத்தில் மாற்றாமல் விட்டால் கறுப்பாகப் பூஞ்சையும் பூக்கும். மாதக்கணக்கில் பெட்டியைத் திறக்காதவர்களுக்குச் சாக்கு சரிப்படாது. சாக்கு கிடைப்பதும் முன்போல இல்லை. பருத்திக்கொட்டை, புண்ணாக்கு எல்லாம் வெள்ளை பிளாஸ்டிக் சாக்கில் வருகிறது, அது ஈரம் குடிக்காது. காலிச் சாக்குக் கடையில் சணல் சாக்கு வாங்கினால் முன்பு என்ன இருந்தது என்று கேட்டு வாங்குங்கள். குடோனில் அடுக்கிய மூட்டைகள்மீது பூச்சிமருந்து அடிப்பது வழக்கம். அலசி நல்ல வெயிலில் காயப்போடாமல் பெட்டிக்குள் வைக்கவே கூடாது.

காங்கேயம், தாராபுரம், மூலனூர்ப் பக்கம் கொரங்காட்டு (மேய்ச்சல் நிலத்து) வேலமர நிழலிலோ முருங்கைக் காட்டிலோ பெட்டி வைப்பவர்கள் தெர்மாக்கோலுக்குப் போனால் நான் குறை சொல்ல மாட்டேன். அங்கே மழை பெரும்பாலும் ஐப்பசி, கார்த்திகையோடு சரி. மற்ற மாதமெல்லாம் வெயில்தான் எதிரி. துளையை மட்டும் வெட்டிவிடுங்கள், ஒட்டாமல் சும்மா வையுங்கள், எடுத்துத் துடைக்க வசதி. நான் வைத்திருப்பது இந்தியத் தேனீ மட்டும், அதுவும் சமவெளியில். இத்தாலியத் தேனீ வைத்திருப்பவர்களும் வால்பாறைக் குளிரில் வைத்திருப்பவர்களும் அந்தந்த இடத்து ஆட்களைக் கேட்பதே சரி. குளிர் நாட்டு வீடியோக்களில் மேலே கெட்டியாக மூடச் சொல்கிறார்கள். அது பனி உறையும் ஊருக்கான யோசனை.

எதை வைத்தாலும் அடையில் முக்கால் பங்குக்கு மேல் மெழுகு மூடிய பிறகே தேன் எடுங்கள். சாக்கை மடிக்கும்போது விளிம்பு மூடிக்கு வெளியே நீட்டிக்கொண்டிருக்க விடாதீர்கள். மழையில் அந்த நுனி நனைந்தால் ஈரம் ஏறி ஏறி மடிப்பு முழுக்க வந்துவிடும்.